பழைய அனுமதியை வைத்து வேலை தொடங்கும் முன் எங்களைக் கேளுங்கள்: சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்க் கடற்கரையில் இரண்டு பொக்லைன் வந்து இறங்கின. பல வருடமாக முள்வேலியும் துருப்பிடித்த போர்டுமாகக் கிடந்த தனியார் இறங்குதுறைத் திட்டத்துக்குத் திடீரென்று உயிர் வந்துவிட்டது. "2015ல் வாங்கிய சுற்றுச்சூழல் அனுமதி ஆயிற்றே, ஏழு வருடத்தில் முடிந்திருக்குமே" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே, "2026 வரைக்கும் செல்லும் ஐயா" என்றார்.

கணக்கு உங்களுக்குத் தெரியும், போட்டதே நீங்கள்தான். 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரையிலான காலத்தை அனுமதியின் ஆயுளில் சேர்க்க வேண்டாம் என்று 2021 ஜனவரியில் ஓர் அறிவிக்கை. 2022 ஏப்ரலில் இன்னொன்று, இதுபோன்ற திட்டங்களுக்கு 7 ஆண்டு என்றிருந்ததை 10 ஆக்கியது. ஊரடங்கில் ஆள் இல்லை, சிமெண்ட் வரவில்லை, வேலை நின்றது, சரி, அந்த ஒரு வருடத்தை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு கொடுத்த மூன்று வருடம் எந்தக் கணக்கில் வருகிறது?

2014ல் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வைத்த ஆய்வறிக்கையை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தோம். அதன் வரைபடத்தில் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே அகலமான ஒரு மணல்மேடு இருக்கிறது. படகுகளை ஏற்றி வைத்ததும் வலை உலர்த்தியதும் பெண்கள் கருவாடு காயப்போட்டதும் அங்கேதான். இன்றைக்கு அந்த மேடு தண்ணீருக்குள் கிடக்கிறது. ஃபைபர் படகை வீட்டு வாசல் வரை இழுத்துவந்து கட்டுகிறோம், கருவாடு தார்ச்சாலைக்கு வந்துவிட்டது, லாரி சத்தம் கேட்டால் பெண்கள் ஓடிப்போய்ச் சாக்கை ஓரத்துக்கு இழுக்கிறார்கள், அதற்குள் பாதி சக்கரத்தில் நசுங்கிப் போகிறது. இறங்குதுறை வேலைக்குக் கல் ஏற்றிய லாரிகள் வரப்போவதும் அதே சாலையில்தான். உங்கள் ஃபைலில் மட்டும் அந்த மணல்மேடு இன்னும் பத்திரமாக இருக்கிறது, அனுமதியும் அதை நம்பித்தான் ஓடுகிறது.

கம்பெனிக்கு அந்த ஊரடங்கு வருடம் கணக்கில் வராது என்றால், கடலும் அந்த வருடம் லீவில் இருந்ததா?

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம்தான். அதே 2020ல் எங்கள் படகுக் கடனுக்கும் தவணையைத் தள்ளிவைத்தார்கள், ஆனால் வட்டி ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. அதே ஊரடங்கில்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய விதிகளின் வரைவை வெளியிட்டு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் கொடுத்து, எங்களிடம் கருத்துக் கேட்டீர்கள். ஜூன் 30ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஆகஸ்ட் 11 வரை அவகாசம் கொடுங்கள், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்க்கச் சொன்னதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனீர்கள். கருத்துக்கேட்புக்கான 30 நாள் அறிவிப்பை 20 நாளாகக் குறைக்கவும் அந்த வரைவில் இடம் இருந்தது. அது சட்டமாகவில்லை, நல்லது. ஆனால் தொற்று வந்தால் கம்பெனிக்கு நாள் கூடுகிறது, ஊர்க்காரன் பேசுவதற்கு மட்டும் நாள் குறைகிறது, இது என்ன நியாயம்?

இறங்குதுறையே வேண்டாம் என்று இந்த மடலில் நான் சொல்லவில்லை. அதில் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது, அதைக் கூட்டத்தில் நாங்களே பேசிக்கொள்கிறோம். கேட்பது ஒன்றுதான். கொரோனா ஆண்டைக் கழித்தும் அப்புறம் மூன்று வருடம் கூட்டியும் நீட்டிக்கப்பட்ட எந்த அனுமதியிலும், இதுவரை தொடங்காத வேலையைத் தொடங்கும் முன், கரையை இன்றைய நிலையில் அளந்து ஊரைக் கூட்டி ஒரு தடவை கேளுங்கள். 2014ல் கையைத் தூக்கிப் பேசியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்றைக்குக் கடலுக்குப் போகிறார்கள், அவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அடுத்த தொற்று வரும்போது விதிகளை மறுபடி தளர்த்துவீர்கள், தளர்த்தத்தான் வேண்டியிருக்கும். அப்போது இந்த நிபந்தனையையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். இப்போதைக்கு, கூட்டம் நடக்கும் வரை அந்த இரண்டு பொக்லைனையும் நிறுத்திவைக்க உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் ஊரில் எல்லோரும் படிப்போம்.

இப்படிக்கு,
கடலோர ஊர்க்காரன் ஒருவன்