பெற்றோருக்கு: அரபி வீட்டுப்பாடமும் கைப்பேசியும்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், பரிசுகளும் வாங்கினார்கள். டிசம்பர் 18, உலக அரபி மொழி நாளில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் பாடிய நஷீத் எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று கேள்விப்பட்டேன். குடிநீர்த் தொட்டி வேலையும் முடிந்துவிட்டது. ஒத்துழைத்த எல்லோருக்கும் நன்றி.

சரி, அரபி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'என் உம்மா' (என் அம்மா) என்ற தலைப்பில் அரபியில் பத்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தோம். வந்த நோட்டுகள் பலவற்றில் உம்மா ஆணாக இருந்தார். 'அவர் அதிகாலையில் எழுகிறார், அவர் எங்களுக்குச் சமைக்கிறார்' என்று தமிழில் தட்டியதை மொழிபெயர்ப்புச் செயலி 'ஹுவ' (அவன்) என்று போட்டுக் கொடுத்திருக்கிறது. நாம் மரியாதையாகச் சொல்லும் 'அவர்' ஆணுக்கும் பொது, பெண்ணுக்கும் பொது. அரபியில் வினைச்சொல்லிலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். செயலி பாட்டுக்கு ஆண் என்று எடுத்துக்கொண்டது. 'ஹுவ', 'ஹிய' (அவள்) வேறுபாட்டை ஆறாம் வகுப்பிலேயே நடத்திவிட்டோம். எழுதியதை ஒரு தரம் வாசித்திருந்தால் பிள்ளைகளே பிடித்திருப்பார்கள். அரபி ஆசிரியரான உஸ்தாத் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் அந்த நோட்டுகளை அப்படியே என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

இது ஒரு வகுப்போடு நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பிழையே இல்லாத கட்டுரைகள் வருகின்றன. எழுதிய பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னால், ஹரகத் (உயிரொலிக் குறிகள்) இல்லாத வரியின் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. குர்ஆன் அத்தியாயமான சூராவின் மனனத்தைக் குரல் பதிவாக அனுப்பச் சொன்னால், ஒவ்வோர் ஆயத்தின் (வசனத்தின்) தொடக்கத்தையும் பின்னால் யாரோ மெதுவாக எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்கிறது. பாசத்தில் செய்வதுதான், புரிகிறது. ஆனால் உஸ்தாத் ஓதச் சொன்னது பிள்ளையை.

அப்படியென்றால் கைப்பேசியே கூடாது என்கிறீர்களா என்று போன கூட்டத்தில் ஒரு வாப்பா (தந்தை) கேட்டார். இல்லை. எகிப்தின் ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி 1961இல் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்ததால்தான் இன்று நம் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே சரியான உச்சரிப்பைக் கேட்கிறார்கள். அரபியின் 'ஹா' எழுத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல, 'ஐன்' எழுத்து தொண்டையிலிருந்து வர, அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேளுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார் வீடியோ அழைப்பில் பாடம் கேட்பதும் எங்களுக்கு மகிழ்ச்சிதான். கேட்பதற்கும் ஓதிப் பழகுவதற்கும் கருவி இருக்கட்டும். பிள்ளை செய்ய வேண்டிய வேலையைக் கருவியிடம் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

நம் பாடநூலை எழுதிய டாக்டர் வி. அப்துர் ரஹீம் வாணியம்பாடிக்காரர். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில், அரபி தாய்மொழியாக இல்லாத மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 'ஹாதா பைத்துன்', இது வீடு, என்று ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு படியைத் தாண்டிக் குதித்த பிள்ளைக்கு அடுத்த பாடம் நிச்சயம் புரியாது. அகராதியும் அப்படித்தான். வேர் வரிசையில் அமைந்த அரபி அகராதியில் 'மக்தபா' (நூலகம்) என்ற சொல்லைத் தேட வேண்டுமானால் அதன் வேர் க-த-ப என்று முதலில் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். அந்தப் பத்து நிமிடம்தான் பாடம், ஸப்ரும் (பொறுமையும்) அங்கேதான் பழகும். செயலியில் தட்டினால் பொருள் கிடைத்துவிடும், வேர் மனதில் நிற்காது.

வெறும் மதிப்பெண் விஷயம் என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். நம் பள்ளியில் அக்லாக் (நல்லொழுக்கம்) பாடத்துக்குத் தனியாக வகுப்பு வைத்திருக்கிறோம். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் என்னைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் சொன்னதும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள அந்த ஹதீஸை, அந்த நபிமொழியை, காலையில் ஒப்பித்த பிள்ளை, மாலையில் செயலி எழுதியதைத் தன் பெயரில் கொடுக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அக்லாக் வகுப்பை எதற்கு நடத்துகிறோம்?

ஆகவே இந்தப் பருவத்திலிருந்து அரபிக் கட்டுரைகளை வகுப்பறையிலேயே, உஸ்தாத் முன்னிலையில் எழுத வேண்டும். சொற்பொருள் தேடுவதும் எழுதிப் பழகுவதும் மட்டும் வீட்டுப்பாடமாக வரும். செயலியோ வேறு ஆளோ எழுதியது என்று தெரிந்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது, பெற்றோர் நேரில் வந்து பேச வேண்டியிருக்கும். யார் பிள்ளை என்று பார்த்து இந்த விதியைத் தளர்த்த மாட்டோம். மனனத்துக்குக் குரல் பதிவு இனி வேண்டாம், காலையில் வகுப்பிலேயே ஓதிக் காட்டட்டும். தயவுசெய்து, 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று உஸ்தாதுக்குத் தனியாக வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். அவருக்குச் சங்கடம்.

கடுமையாகச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். வேலை முடிந்து களைத்து வந்து, மக்ரிப் (அந்தி) தொழுகைக்குப் பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். தங்களுக்கு அரபி இலக்கணம் தெரியாவிட்டாலும், 'நீ வாசி, நான் கேட்கிறேன்' என்று பக்கத்தில் இருக்கும் உம்மாமாருக்கு எங்கள் ஆசிரியர்கள் உண்மையிலேயே கடன்பட்டிருக்கிறார்கள். பிழையோடு வரும் நோட்டைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டாம். திருத்துவதற்குத்தானே உஸ்தாத் இருக்கிறார்.

வரும் சனிக்கிழமை அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு, அகராதி பார்ப்பது எப்படி என்று பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம். முடிந்தவர்கள் வாருங்கள், தேநீர் உண்டு. பிள்ளையின் அரபி நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

வஸ்ஸலாம்,
தலைமையாசிரியர்