சிலிம் ரிவரில் பசியாறும் நேரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. வாடகை அறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடவில்லை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான் என்று சொன்னாய். நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கிற பேராக் சிலிம் ரிவரில் எந்தக் கடை நல்ல கடை என்றும் கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வைத்துக்கொண்டு ஆறஅமரப் படி.

கண்ணு, சின்னப் பட்டணத்தில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் பெரிய விஷயம். ரோடு அப்படி. ஒரு காலத்தில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போகிற வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கடையில் நாள் முழுக்க ஆள் இருக்கும், சட்டி காலியாகக் காலியாகப் புதுசு இறங்கும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபின் தூரத்து வண்டிகள் மேல் ரோட்டுக்குப் போய்விட்டன. இப்போது சாப்பிட வந்து கடையைத் தாங்குவது தோட்டத்து ஆட்களும், உன்னைப் போல ஆஸ்பத்திரி ஆட்களும், பள்ளிக்கூடத்துக்காரர்களும்தான். அவர்கள் வருகிற நேரத்தில் அடுப்பு எரியும். அவர்கள் எழுந்து போனபின் இருப்பது மிச்சம். ரப்பர் பால்வெட்டுக்கும் செம்பனைக் குலை வெட்டுக்கும் போகிறவர்கள் விடியுமுன் பசியாறிவிடுவார்கள். அதனால் ஐந்தரைக்கெல்லாம் கல்லு காய்ந்திருக்கும். இந்தக் கணக்கை உன் ஷிப்டோடு பொருத்திக்கொள்.

காலை ஏழு மணி ஷிப்டு என்றால் ஆறேகாலுக்குக் கடையில் இரு. அந்த நேரத்துக்கு ரொட்டி சானாய், வீசி மடித்துச் சுடுகிற பரோட்டா. மாவு முந்தின இரவே பிசைந்தது. ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 550 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, கொஞ்சம் சீனி, 50 கிராம் மார்ஜரின் அல்லது நெய், ஒரு கரண்டி டின்பால், அதாவது சீனி போட்டுக் கெட்டியாக்கிய பால். இதில் 90 கிராம் உருண்டை பதினெட்டு வரும். உருண்டைகளை எண்ணெயில் புரட்டி ஆறிலிருந்து எட்டு மணி நேரம் சும்மா விட வேண்டும். ஓய்வு போதாத மாவை வீசினால் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், ஓரம் கிழியும், நடுவில் கட்டி நிற்கும். அந்தக் கட்டிதான் வேகாமல் வெள்ளையாக வாயில் ஒட்டுவது. அதிக நேரம் சூட்டில் கிடந்த மாவு நேர்மாறு: கையில் ஒட்டும், புளித்த வாடை வரும், வீசும்போதே ஓட்டை விழும்.

கல்லுக்கு நேரே இருக்கிற மேசையில் உட்கார். வீசிய மாவு மேசையில் விரிந்து கிடக்கும்போது அதன் வழியாக மேசை தெரிய வேண்டும். மடித்துக் கல்லில் போட்டதும் திரும்பத் திரும்பப் புரட்டாமல் ஒரு பக்கம் பொன்னிறமாகும் வரை விடுகிறாரா பார். கல்லு அளவுக்கு மேல் காய்ந்திருந்தால் வெளியே கருகி உள்ளே மாவாகவே இருக்கும். எடுத்ததும் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. மடிப்புகள் அப்போதுதான் பிரியும், உள்ளே இருக்கிற ஆவி வெளியே போகும். தட்டாத ரொட்டி ஐந்து நிமிஷத்தில் ரப்பர். இருபது ரொட்டி சுட்டு அடுக்கி மேலே துணி போட்டிருந்தால் அடியில் இருப்பது எல்லாம் அந்தக் கதிதான். "அண்ணே, அடுக்கினது வேணாம், கல்லுல இருந்து ஒண்ணு குடுங்க" என்று கேள். கூச்சப்படாதே, எந்த ரொட்டிக்காரரும் இதற்குக் கோபிக்க மாட்டார். பருப்புக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கு. பஞ்சிர் என்று சொல்லி மேலே ஊற்றச் சொன்னால் ருசிதான், ஆனால் குழம்பு சூடா இல்லையா என்று உனக்குத் தெரியாமல் போய்விடும்.

தோசையும் காலைக்குத்தான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நம் ஊர் சூட்டில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். காலையில் சரியாக இருந்த அதே மாவு சாயங்காலம் நாக்கைக் கூசவைக்கும். வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் தோசை இல்லை, தேங்காய்ச் சட்னி. திருகிய தேங்காய் வெளியில் மூன்று நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஓரத்தில் சின்னச் சின்ன நுரை, மேலே தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்பது, லேசான புளிப்பு, இதில் ஒன்று இருந்தாலும் தொடாதே. ஒன்பதரைக்கு மேல் போனால் சிவப்புச் சட்னியும் கொதிக்கிற சாம்பாரும் போதும். மேசையில் குவித்து வைத்திருக்கும் நாசி லெமாக் பொட்டலம் விடியுமுன் கட்டியது. அதுவும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு. எட்டரைக்குள் பிரித்தால் சாப்பிடு, அதற்கு மேல் வேண்டாம்.

கரண்டி விஷயம் ஒன்று. கரண்டியும் முள்கரண்டியும் ஒரு டப்பாவில் வெந்நீரில் நிற்கும். காலையில் அதில் ஆவி பறக்கும், பத்து மணிக்கு அது வெதுவெதுப்பான கலங்கல் தண்ணீர். ஆவி இல்லை என்றால் கையைக் கழுவிவிட்டுக் கையாலேயே சாப்பிடு.

இப்போது மத்தியானம். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்து, பொறுப்பு ஒப்படைத்து நீ கடைக்கு வரும்போது இரண்டேகால், இரண்டரை. எனக்குப் பயம் இந்த வேளைதான். சோறு பதினொன்றுக்கே வடித்திருப்பார்கள். கறி, காய் எல்லாம் அப்போதே தட்டில் இறங்கியிருக்கும். சமைத்த சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேல் சூட்டில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பதினொன்றோடு நான்கைக் கூட்டினால் மூன்று. நீ அந்த நேரத்தின் வாலைப் பிடிக்கிறாய். சோற்றில் வளரும் பாசில்லஸ் செரியஸ் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இது நீ பரீட்சைக்குப் படித்ததுதான், ஏழு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பசியோடு உட்காரும்போது யாருக்கும் நினைவில் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

தட்டுகளுக்கு அடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று முதலில் பார். வெறும் மேசையில் திறந்து வைத்த தட்டு என்றால் அதில் தேங்காய்ப்பால் சேர்த்த எதையும் எடுக்காதே. காய்ந்த பொரியல், பொரித்த மீன், பாகற்காய் வறுவல், அப்பளம் எல்லாம் கொஞ்சம் நேரம் தாங்கும். அடுப்பில் இருக்கிற சட்டியில் இருந்து ரசமோ பருப்போ கேள். "அரைச் சோறு" என்று சொன்னால் குறைத்து வைப்பார்கள், வேண்டுமானால் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இலை போட்டதும் தண்ணீர் தெளித்து, அதை வழித்துவிட்டு உன் டிஸ்யூவால் ஒரு தடவை துடை. சோற்றைக் கையில் எடுத்தால் உதிர வேண்டும். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் நூல் மாதிரி இழுத்தால், அல்லது அழுத்தும்போது வழவழப்பு தெரிந்தால், சொல்லிவிட்டு எழுந்துவிடு. சந்தேகமாக இருந்தால் உன் கண்முன் நெருப்பில் ஏறி இறங்கியதைச் சாப்பிடு: முட்டை தோசை, மீ கோரேங் என்கிற வறுத்த மீ நூடுல்ஸ். மத்தியானம் தோசை சாப்பிடுவது ஒன்றும் குறைவில்லை.

ஆட்டுக்கறி பிரட்டலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீயே கேட்பாய். தோட்டத்துப் பட்டணத்துக் கடைகளின் பெருமையே அதுதான், நல்லதாகக் கிடைத்தால் விடாதே. மசாலா கறியின் மேல் ஒட்டிக் கறுத்திருக்க வேண்டும், சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும், கறிவேப்பிலை இன்னும் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். கறிவேப்பிலை துவண்டு கறுத்து, கறி நார் நாராகப் பிரிந்து, அடியில் தண்ணீராகக் குழம்பு நின்றால் அது நேற்றையது. தண்ணீர் விட்டுச் சூடாக்கியிருக்கிறார்கள். கிழமையையும் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை நம் ஆட்கள் பலர் சைவம், கறி அவ்வளவாகப் போகாது. சனிக்கிழமை காலையில் சட்டியில் இருப்பது எந்த நாளுடையது என்று யோசி. சனிக்கிழமை பதினொன்றரைக்குமேல், ஞாயிறு மத்தியானம், இவைதான் பிரட்டலுக்கு நல்ல நேரம். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 1955 வேலைச் சட்டம். ஆகவே முதல் வாரத்துக் கடைசியில் கடையில் கூட்டம் இருக்கும், கறி புதுசாக இருக்கும். புரட்டாசியில் கேட்கவே கேட்காதே. கறியும் மீனும் துண்டுக் கணக்கு என்பதால், தட்டில் விழுமுன் விலை கேட்டுக்கொள். விலைப் பட்டியல் வைப்பது கடைக்குக் கட்டாயம், கேட்பதில் தப்பில்லை.

தே தாரேக், டின்பால் விட்டு ஆற்றித் தருகிற தேநீர். இதில்தான் நீ கவனமாக இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். டின்பாலில் எடைக்குப் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி டின்பால் ஏறக்குறைய 20 கிராம். கடைக் கிளாசுக்கு இரண்டு கரண்டி போட்டாலே சீனி 20 கிராமைத் தாண்டும், அதாவது நாலு ஐந்து தேக்கரண்டி. ஷிப்டில் மூன்று கிளாஸ் குடித்தால் நீயே கூட்டிப் பார். 2023-இல் நம் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் பெரியவர்களில் ஆறு பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு. வார்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "குராங் மானிஸ்", அதாவது இனிப்பு குறைவு, என்றால் கலக்குகிறவர் கைக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவுதான். "தே சி கோசோங்" கேள். சீனியில்லாத டின்பால் விட்டது, ருசியும் கெடாது. அல்லது தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாதது. தேத்தூளைத் துணிப்பையில் போட்டு நான்கைந்து நிமிஷம் ஊறினால் போதும். பையை எடுக்காமல் கலயத்திலேயே விட்டால் சாயங்காலத்துக்குள் கசந்துவிடும்; அந்தக் கசப்பை மறைக்கத்தான் இன்னொரு கரண்டி பால் விழும். அதனால் மூன்று மணிக்கு மேல் "புதுசா போட்டது இருக்கா" என்று கேட்டுவிட்டு உட்கார். ஐஸ் வேண்டுமென்றால் நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் மட்டும், உடைத்த கட்டி ஐஸ் வேண்டாம்.

இரவு ஒன்பது மணி ஷிப்டுக்கு முன் ஏழரைக்குச் சாப்பிட்டுவிடு. நம் ஆட்கள் கடை பலவும் அதற்குள் கட்டிவிடுவார்கள். இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையிலோ மலாய்க்காரர் ஒட்டுக்கடையிலோ வாணலியில் புரட்டித் தருவதை வாங்கு. கோய் தியாவில், அதாவது பட்டை அரிசி நூடுல்ஸில், சிப்பி போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்; அரைவேக்காட்டுச் சிப்பியில் ஹெப்படைட்டிஸ் ஏ என்கிற கல்லீரல் நோய் வரலாம். நடுராத்திரிக்குப் பொங்குஸ், அதாவது பொட்டலம், கட்டினால் சப்பாத்தியும் காய்ந்த உருளைக்கிழங்குப் பிரட்டலும் நல்லது. சாம்பார் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாங்காதே, தூக்குச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடு. எட்டு மணிக்குக் கட்டியதைப் பன்னிரண்டுக்குள் முடி, அல்லது ஷிப்டு தொடங்கியதும் ஓய்வறை ஐஸ்பெட்டியில் வைத்து, சாப்பிடுமுன் ஆவி வரும் வரை சூடாக்கு.

கடையைப் பற்றிச் சுருக்கமாக. 2009 உணவுத் தூய்மை விதிப்படி சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் தைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், பயிற்சி எடுத்திருக்க வேண்டும், முன்துணியும் தலைத்துணியும் கட்ட வேண்டும். சுவரில் ஊராட்சி கொடுத்த ஏ, பி, சி எழுத்து ஒட்டியிருக்கும், அதைப் பார். அதைவிட ரொட்டி போடுகிற கையும் காசு வாங்குகிற கையும் ஒன்றா என்று பார். எனக்கு அதுதான் முக்கியம். வயிறு கெட்டால் முதலில் கடைக்காரரிடம் மெதுவாகச் சொல். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அது, பெரும்பாலானவர்கள் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். ஆனால் ஒரே கடையில் சாப்பிட்ட இரண்டு மூன்று பேர் வார்டுக்கு வந்தால் தாமதிக்காமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிடு; 1983 உணவுச் சட்டத்தில் கடையை 14 நாள் வரை மூடிச் சுத்தம் செய்யவைக்க முடியும்.

பற்றுக் கணக்கு வைக்காதே. மாதக் கடைசியில் நீ சாப்பிட்டதும் அவர்கள் எழுதியதும் பொருந்தாது, மனஸ்தாபம்தான் மிச்சம். சில்லறைக் காசு எப்போதும் பையில் இருக்கட்டும்.

மூன்றடுக்குத் தூக்கு ஒன்றை மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நடுத்தட்டில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கும், அதை முதலில் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடு, எவர்சில்வரில் வைக்காதே. மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவு. வாடை தங்குவதே அங்கேதான்.

அன்புடன்,
அம்மா