உயரம் மட்டுமே சென்டரா?

ஆசிரியருக்கு,

கூடைப்பந்தில் வளையத்துக்கு அருகே ஆடும் சென்டர் என்றாலே நம் விளையாட்டுப் பக்கங்கள் உயரத்தைத்தான் எழுதுகின்றன. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் சென்டராக ஆடிய பென் வாலஸின் உயரம் 6 அடி 9 அங்குலம். என்பிஏ சென்டருக்கு அது குறைவு. அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1996 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. ஆனாலும் 2002, 2003, 2005, 2006 என நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார்.

2001-02 பருவத்தில்தான் தடுப்பு மூன்று விநாடி விதி வந்தது. எதிராளியைக் கைக்கெட்டும் தூரத்தில் காவல் காக்காமல், வளையத்தடியிலுள்ள 16 அடி அகலப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் டெக்னிக்கல் ஃபவுல் என்ற விதிமீறல். எனவே வளையத்தடியில் தூண்போல் நிற்க முடியாது. வெளியேறி, பந்து உள்ளே வரும் கணத்தில் திரும்ப வேண்டும். சீக்கிரம் குதித்தால் எதிராளி பாவனை காட்டி ஃபவுல் வாங்குவார். தாமதித்தால் இறங்கும் பந்தைத் தொட்ட குற்றம், கூடை கணக்கில் சேரும். வாலஸ் அந்தப் பருவத்திலேயே ரீபவுண்ட் (கூடை தவறிய பந்தைக் கைப்பற்றுதல்), ப்ளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுத்தல்) இரண்டிலும் முதலிடம்.

ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோ மட்டும் படுமோசம்: வாழ்நாள் சராசரி சுமார் 41 சதவீதம். அதற்காகவே எதிரணிகள் அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்தன. அப்படியும் 2004 இறுதித் தொடரில் வாலஸின் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, மிக உயரமான சென்டர் ஷாகில் ஓ'நீல் இருந்த லேக்கர்ஸை 4-1 என வீழ்த்தியது. கடைசி ஆட்டத்தில் வாலஸ் 22 ரீபவுண்ட் எடுத்தார். வீரர்கள் எடுத்த புள்ளிகளை மட்டும் அச்சிடுவோர் ரீபவுண்ட், ப்ளாக், ஸ்டீல் (பந்தைப் பறித்தல்) எண்ணிக்கையையும் சேர்த்து அச்சிடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்