தோத்த ஆட்டத்தையும் கொஞ்சம் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரை நான் விளையாட்டுப் பக்கத்துல இருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன், அதுல ஒரு குறை ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கு, அதான் எழுதுறேன். செஸ் நியூஸ் போடுறீங்க, இப்பல்லாம் வீடியோ கேம் போட்டி நியூஸும் வருது, சந்தோஷம். ஆனா எல்லாமே ஒரே அச்சு: இவர் அவரை வீழ்த்தினார், இத்தனை பாயிண்ட், கையில கோப்பையோட ஒரு போட்டோ. தோத்தவர் எந்த இடத்துல கோட்டை விட்டார்னு ஒரு வரி இருக்காது. திறமைய வச்சு ஆடுற ஆட்டத்துல நாங்க படிக்க வேண்டிய இடமே அதுதான் சார்.

இதை நானே ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுகிட்டேன். மூணு வருஷமா ஆன்லைன்ல செஸ் ஆடுறேன், ராத்திரி எல்லாரும் தூங்கின அப்புறம் மூணு நிமிஷ பிளிட்ஸ், ஒண்ணு தோத்தா உடனே ரீமேட்ச், அதுவும் தோத்தா இன்னொண்ணு, இப்படி ஒரு நாளைக்கு இருபது ஆட்டம் கூட போகும். ரேட்டிங், அதாவது எவ்ளோ நல்லா ஆடுறோம்னு காட்டுற நம்பர், 1400ல நட்டு வச்ச கல்லு மாதிரி நின்னுச்சு, 1430 போகும், மறுநாள் 1380. எனக்கு ஓபனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்கள்) சரியா தெரியல, அதான் ஏற மாட்டேங்குதுனு நானே முடிவு பண்ணி வீடியோவா பாத்துத் தள்ளினேன்.

கண்ணைத் தொறந்தது என் பையன்தான், அவனுக்கு இது தெரியாது. அவன் சண்டை கேம் ஆடுறவன். ஒரு நாள் பாக்குறேன், எதிர்ல ஆளே இல்ல, டிரெய்னிங் மோட்ல ஒரு பொம்மைய நிக்க வச்சு அது ஒரே அடிய திரும்பத் திரும்ப அடிக்குது, இவன் திரும்பத் திரும்ப தடுக்குறான், தடுத்துட்டு ஒரு குத்து, மறுபடி மொதல்ல இருந்து. அரை மணி நேரமா இதே. ஏண்டா, ஆடுறதுன்னா ஒழுங்கா ஆடு, இல்ல மூடி வச்சுட்டு படினு சத்தம் போட்டேன். அதுக்கு அவன் திரும்பிக்கூட பாக்காம, "நேத்து இந்த ஒரு அடியிலேயே மூணு மேட்ச் செத்தேன்பா, பதினாலு ஃப்ரேம்ல வந்துரும், பாத்து தடுக்க முடியாது, கை தானா போகணும்"னான். ஃப்ரேம்னா திரையில வந்து போற ஒரு படம், அந்த மாதிரி கேம் ஒரு செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுது, அப்ப பதினாலு ஃப்ரேம்னா கால் செகண்டு கூட இல்ல, மனுஷன் ஒண்ணைப் பாத்து கை அசைக்கவே கிட்டத்தட்ட அவ்ளோ நேரம் ஆயிரும். நான் திட்ட வந்தவன் அப்படியே உக்காந்துட்டேன். நேத்து எதுல தோத்தோம்னு அவனுக்கு பேரோட தெரியுது. நான் மூணு வருஷமா தோக்குறேன், எதுலனு கேட்டா ஓபனிங்னு ஒரு வார்த்தை, அதுவும் சும்மா குத்துமதிப்பா.

மறுநாளே ஒரு பழைய நோட்டு எடுத்தேன். தோத்த ஆட்டத்தை மட்டும் எழுதுறது, எந்த மூவ்ல கெட்டுச்சு, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, ரெண்டே வரி. எஞ்சினை (எந்த மூவ் தப்புனு சொல்ற செஸ் புரோகிராம்) கேக்குறதுக்கு முன்னாடி நானே எழுதிரணும், இல்லாட்டி அது சொன்னதையே நானும் நினைச்ச மாதிரி ஆயிரும் (மனசு அந்த விஷயத்துல பெரிய திருடன்). ரெண்டு மாசத்துல 63 ஆட்டம் சேர்ந்துச்சு. எண்ணிப் பாத்தா ஓபனிங்ல தோத்தது வெறும் நாலு. 21 ஆட்டம் எப்படி தெரியுமா, நான் ஒரு குதிரையோ யானையோ லாபமா எடுத்து, அவ்ளோதான் முடிஞ்சுதுனு சேர்ல சாஞ்சு உக்காந்த அடுத்த அஞ்சு மூவ்க்குள்ள. இருபத்தொண்ணு சார்! ஜெயிக்க வேண்டியதைத்தான் தோத்திருக்கேன். எந்த ஓபனிங் வீடியோவும் இதை எனக்கு சொல்லிருக்காது.

இன்னொரு விஷயமும் அப்பதான் உறைச்சுது. ஆர்பட் ஏலோனு ஒரு இயற்பியல் பேராசிரியர் போட்ட ரேட்டிங் கணக்கை உலக செஸ் சம்மேளனம் 1970ல எடுத்துகிட்டாங்க, இன்னைக்கு நிறைய ஆன்லைன் கேம்ல அதோட ஏதோ ஒரு வாரிசுதான் உள்ள ஓடுது. அந்தக் கணக்குப்படி எதிராளியை விட ரேட்டிங்ல 200 கூட இருக்குறவர் 100 ஆட்டம் ஆடினா (ஜெயிச்சா ஒண்ணு, டிரான்னா அரை) சராசரியா 76 பாயிண்ட் எடுப்பார், 400 கூடன்னா 91. ஆனா ஆன்லைன்ல நம்ம லெவல் ஆளைத்தான் நமக்கு கோத்து விடுவாங்க, அதனால எவ்ளோ தேறினாலும் பாதி ஜெயிப்போம் பாதி தோப்போம், ஆள் மட்டும் மாறுவாங்க. தினம் பாதி தோக்குறவனுக்கு தான் வளர்றோமா இல்லையானே தெரியாது. அவன் ஒண்ணு வெறுத்துப் போய் விட்டுருவான், இல்ல என்னை மாதிரி ரீமேட்சை அமுக்கிட்டே கிடப்பான்.

சும்மா ஆடிட்டே இருந்தா வந்துரும், பத்தாயிரம் மணி நேரம் போதும்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 2007ல கோபே, காம்பிடெல்லினு ரெண்டு பேர் அர்ஜென்டினா செஸ் ஆட்டக்காரங்களை வச்சு பண்ணின ஆய்வு இருக்கு. மாஸ்டர் லெவலுக்கு வர ஒருத்தருக்கு சுமார் 3,000 மணி நேரம் ஆகியிருக்கு, இன்னொருத்தருக்கு 23,000க்கும் மேல. பிறவியிலயே ஏதோ இருக்கலாம், சின்ன வயசுலயே ஆரம்பிச்சதும் காரணமா இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா மணிக்கணக்கை மட்டும் காட்டி நான் பயிற்சி பண்றேன்னு சொல்ல முடியாதுனு ஆகுதுல்ல?

1973ல சேஸும் சைமனும் பண்ணின சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். நிஜ ஆட்டத்துல இருந்து ஒரு நிலைய எடுத்து அஞ்சே செகண்டு காட்டிட்டு போர்டை மூடிருவாங்க, மாஸ்டர் பெரும்பாலான காயை திரும்ப சரியா வச்சுருவார், புதுசா ஆடுறவன் நாலஞ்சு காயோட முழிப்பான். அதே காயையெல்லாம் கன்னாபின்னானு கலைச்சு வச்சுக் காட்டினா மாஸ்டரும் கிட்டத்தட்ட நம்மள மாதிரிதான். அவருக்கு இருக்குறது போட்டோ எடுக்குற மூளை இல்ல, இதை எங்கயோ பாத்திருக்கோம்ங்குற பழக்கம். என் நோட்டுல ஒரு பக்கம் கூடுதுன்னா அந்த மாதிரி ஒரு நிலை எனக்கும் பழக்கம் ஆகுதுனு நான் எடுத்துக்குறேன்.

சண்டை கேம் ஆடுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு வீடியோ, 2004ல ஈவோங்குற பெரிய சண்டை கேம் போட்டில டைகோ உமேஹாராங்குற ஆட்டக்காரர், உயிர் கோடு மாதிரி கொஞ்சூண்டு இருக்கும்போது எதிராளி ஜஸ்டின் வாங் போட்ட 15 உதையையும் ஒண்ணுவிடாம டைமிங்ல தட்டி விட்டு அப்படியே திருப்பி அடிச்சு அந்த ஆட்டத்தை ஜெயிப்பார். சும்மா தடுத்தாலே கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு செத்திருப்பார், அதனால ஒவ்வொண்ணையும் கரெக்டா தட்டியே ஆகணும். கூட்டம் எழுந்து கத்துற சத்தம் இருக்கே! ஆனா அந்தப் போட்டியோட ஃபைனல்ல டைகோ தோத்துட்டார், அது நிறைய பேருக்குத் தெரியாது. எப்படி தோத்தார்னு யாராவது பொறுமையா எழுதினா நான் ரெண்டு தடவ படிப்பேன்.

அதனால உங்ககிட்ட கேக்குறது இதுதான். வாரத்துல ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்குங்க. ஒரே ஒரு தோத்த ஆட்டம். பெரிய ஆளோடதுதான் வேணும்னு இல்ல, செஸ்தான் வேணும்னும் இல்ல. எந்த இடத்துல சறுக்குச்சு, அங்க வேற என்ன பண்ணிருக்கலாம், ஆடினவர் அப்ப என்ன நினைச்சார், இந்த மூணும் இருந்தா போதும். "அதிர்ச்சித் தோல்வி"னு மட்டும் தலைப்பு போட்டுறாதீங்க, பாதி தோல்வில அதிர்ச்சியே கிடையாது, ஆடினவனுக்கு நாலு மூவ் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

முதல் வாரத்துக்கு ஆட்டம் கிடைக்கலன்னா சொல்லுங்க, என் நோட்டுல இப்ப எண்பதைத் தாண்டிருச்சு, நல்லா தோத்ததா பாத்து நாலு எடுத்து அனுப்புறேன். பேரு மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
1460ல நிக்கிற ஒரு வாசகன்