டெஸ்டில் மட்டும் கை வைக்காதீர்கள்

எரிசக்தித் துறையின் வன்பொருள் திட்டங்களுக்கு கேட் ரிவ்யூவில் (ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று பார்க்கும் கூட்டத்தில்) ஒப்புதல் தரும் குழுவினருக்கு,

வணக்கம். டிசைன் ஒரு மாதம் இழுத்தால் நீங்கள் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. வார்ப்பு வரத் தாமதம் என்றால், "சரி, சப்ளையரிடம் பேசுங்கள்" என்பீர்கள். எல்லாத் தாமதமும் சேர்ந்து வந்து நிற்கும் இடம் சோதனை. அங்கேதான் என் போன்ற ப்ரோக்ராம் மேனேஜர்களிடம் அந்தக் கேள்வி வரும்: "இதில் ரெண்டு வாரம் குறைக்க முடியாதா?"

சோலார் பேனலுக்கான ஐஇசி 61215 தரநிலையில் ஒரு சோதனை: 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். கிட்டத்தட்ட 42 நாள். கூடுதலாகப் பத்துப் பேரைப் போட்டாலும் 42 நாள்தான். அதுவும் முதல் தடவையே தேறினால். தேறாவிட்டால் காரணத்தைத் தேடி, மாற்றி, புதிய பேனல் செய்து, மறுபடி முதல் மணியிலிருந்து. நீங்கள் கையெழுத்திடும் ஷெட்யூல்களில் அந்த இரண்டாவது சுற்றை நான் பார்த்ததே இல்லை.

நானும் ஒருமுறை அந்தக் கேள்விக்குத் தலையாட்டியவன்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வெட்டவெளியில் நிற்கவேண்டிய இன்வெர்ட்டர் அது. ஈரப்பதச் சோதனை முடியுமுன்பே பெட்டிக்கான டையை, அதாவது அதை உருவாக்கும் அச்சை, வெட்ட ஆர்டர் கொடுத்துவிட்டோம். இப்படிப்பட்ட பெட்டி மூச்சு விடும்: சூடானால் உள்காற்று விரிந்து வெளியேறும், குளிர்ந்தால் மூடியின் விளிம்பை அடைக்கும் கேஸ்கெட்டின் இடுக்கு வழியாக ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். சோதனை சேம்பரிலிருந்து எடுத்து மூடியைத் திறந்தோம். போர்டின் கீழ் ஓரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருந்தது. தீர்வு சின்னதுதான், அழுத்தத்தைச் சமன் செய்யும் ஒரு வென்ட். ஆனால் அதைப் பொருத்தப் பெட்டியில் இடம் விடவில்லை. டையைத் திருத்துவதற்குள், மிச்சப்படுத்திய வாரங்களைப்போல மூன்று மடங்கு போய்விட்டது.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. 1941இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் 1.25 மெகாவாட் ஸ்மித்-புட்னம் காற்றாலையை நிறுவினார்கள். 1943இல் பேரிங் போய், போர்க்காலத் தட்டுப்பாட்டில் இரண்டு வருடம் சும்மா நின்றது. இறக்கையில் பலவீனமான இடம் எது என்று பொறியாளர்களுக்குத் தெரியும். வலுப்படுத்தாமலே மறுபடி ஓட்டினார்கள். 1945 மார்ச் 26 அன்று இறக்கை அந்த இடத்திலேயே முறிந்தது. அவர்களுக்காவது போர் இருந்தது. நமக்கு?

நேரத்தைக் குறைக்க வழியே இல்லை என்று சொல்லவில்லை. எலக்ட்ரானிக்ஸ் தயாராகும்வரை காத்திராமல், வெற்றுப் பெட்டியில் கேஸ்கெட்டை மட்டும் முதலிலேயே சோதிக்கலாம். மாதிரிகளைக் கூட்டி, சோதனைகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம். இரண்டுக்கும் திட்டத்தின் தொடக்கத்திலேயே பணம் வேண்டும். நீங்களோ அப்போதுதான் கையை இறுக்குகிறீர்கள்! அப்புறம், விலையுயர்ந்த டைக்கான ஒப்புதலைச் சோதனை முடிவோடு கட்டிப்போடுங்கள், காலண்டர் தேதியோடு வேண்டாம்.

அடுத்த ரிவ்யூவுக்கு ஸ்லைடு எதுவும் கொண்டுவரப் போவதில்லை. அந்தப் பச்சை பூத்த கனெக்டரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேசையில் வைக்கிறேன், கையில் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ப்ரோக்ராம் மேனேஜர்