முகமறியாக் குழந்தைகளுக்காகக் கொடுத்தவர்களுக்கு

கடலூர்.

மதிப்பிற்குரிய நன்கொடையாளர்களுக்கும் உடனுழைத்த நண்பர்களுக்கும் வணக்கம்.

குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாங்கள் நிதி கேட்டு வந்தபோது மஞ்சக்குப்பம் கடைக்காரர்களும் தேவனாம்பட்டினம் மீனவர்களும் பண்ருட்டி முந்திரி வியாபாரிகளும் நெய்வேலித் தொழிலாளர்களும் மனமுவந்து கொடுத்தீர்கள். அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

நோயுற்ற ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி உதவி கேட்டால் நம் ஊரில் எவரும் கையை விரிப்பதில்லை. ஆராய்ச்சிக்கென்று கேட்கும்போது காட்டுவதற்குப் படமும் இல்லை, பலன் கிடைக்கும் நாளைச் சொல்லவும் வழியில்லை. அப்படியிருந்தும் கொடுத்தீர்களே, அதுதான் எங்களை நெகிழச் செய்தது.

ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் ஒருகாலத்தில் சில மாதங்களிலேயே இறந்துபோயினர். 1948இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் அந்நோய் தற்காலிகமாகவேனும் தணிவதைக் காட்டினார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டு வானொலி வேண்டுகோள் ஒன்றைக் கேட்டு எளிய மக்கள் அனுப்பிய சிறு தொகைகள்தாம் ஜிம்மி நிதியாகத் திரண்டு, ஃபார்பரின் ஆய்வைத் தாங்கின. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின் இன்றும் இச்சிகிச்சையின் முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

வளமான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிழைக்கின்றனர். வருமானம் குறைந்த நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடத் தேறுவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீமோதெரபியின்போது நம் குழந்தைகளைத் தாக்கும் கிருமிகள் எவை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீளும் சிகிச்சையைக் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் எந்தக் கட்டத்தில் கைவிட நேர்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கான விடையைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் பேருந்தேறும் நம் குடும்பங்களிடையேதான் தேட வேண்டும். நோயாளிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் பெரிய மருந்து நிறுவனங்கள் குழந்தைப் புற்றுநோயில் போதிய முதலீடு செய்வதில்லை. ஆகவே பொதுமக்களின் கொடைக்கு இதில் தனி இடம் உண்டு.

பேருந்து நிலையத்தில் வெயிலில் உண்டியல் ஏந்தி நின்ற கல்லூரி மாணவ மாணவியருக்கும், சீட்டுப் பணத்தை அப்படியே தந்த மகளிர் குழுவினருக்கும் கடமைப்பட்டுள்ளோம். தம் குழந்தையை இந்நோய்க்குப் பறிகொடுத்த பெற்றோர் சிலரும் கொடுத்தனர். அவர்களிடம் நன்றி சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. இம்மடலின் வழியே அவர்களை வணங்குகிறோம்.

திரண்ட தொகை முழுவதும் ஆராய்ச்சிக்கு மட்டுமே செலவாகும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு கொடையாளர் ஒவ்வொருவருக்கும் அனுப்பி வைக்கப்படும்.

இப்படிக்கு,
நிதி திரட்டும் குழுவினர்