அது உடும்பு இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு சிறுவர் பக்கத்துல உலகத்துலயே வேகமா ஓடுற பல்லின்னு ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு, மணிக்கு கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர் ஓடுமாம். விஷயம் சரிதான், ஆனா படத்துக்குக் கீழ "மத்திய அமெரிக்க உடும்பு"ன்னு போட்டுட்டீங்க. அது கருப்பு முள்வால் இகுவானா சார். உடும்புக்குப் பாம்பு மாதிரி பிளந்த நாக்கு, இதுக்கு அப்படிக் கிடையாது. வால்ல வளையம் வளையமா முள்ளு, கிட்டப் போனா அதாலதான் விளாசும்.

ரொம்பக் குறை சொல்லல, நானும் அதே தப்பைப் பண்ணவன்தான். அண்ணன் பையன் ஸ்கூபா டைவிங் கத்துக்க (அங்க ஃபீஸ் கம்மியாம்) மத்திய அமெரிக்காவுல ஹோண்டுராஸ் நாட்டுப் பக்கம் யுட்டிலான்னு ஒரு குட்டித் தீவுக்குப் போனப்ப ஒரு போட்டோ அனுப்பினான், என்னடா உடும்பான்னுதான் நானும் கேட்டேன். அதுவும் முள்வால் இகுவானாதான், ஆனா வேற வகை, அந்தத் தீவை விட்டா உலகத்துல வேற எங்கயும் கிடையாது. சதுப்புல கெடக்கறதால ஊர்க்காரங்க ஸ்வாம்பர்னு சொல்றாங்க. 1901லயே அறிவியல் பேர் வச்சாச்சு, ஆனாலும் வெளியில யாருக்குத் தெரியும்?

இதோட கதை என்னன்னா, குடியிருக்கறது அலையாத்திக் காட்டுல, மரப்பொந்துல தூங்கி நண்டு புடிச்சுத் தின்னுட்டு, ஆனா அந்தச் சேத்துல முட்டை போட முடியாது, அதனால பொட்டை காட்டை விட்டு வெளிய வந்து கடற்கரை மணல்ல குழி பறிச்சுத்தான் போடணும். அங்கதான் ரிசார்ட் கட்டறாங்க, போதாததுக்கு கடல் கொண்டுவந்து கொட்டுற பிளாஸ்டிக் குப்பை வேற. முட்டைக்கும் கறிக்கும் ஆசைப்பட்டு சினையா இருக்கறதையே தேடிப் புடிக்கிறாங்க. இதுல உங்க படத்துல இருக்கற கருப்பு இகுவானாவும் அதே தீவுல இருக்கு, ரெண்டும் கலந்து கலப்புக் குட்டியும் வருது. 1998ல இருந்து ஒரு ஆராய்ச்சி நிலையம் முட்டையைப் பொரிக்க வச்சு குட்டிகளைக் காட்டுல விடுது.

அதனாலதான் "அலையாத்தியை நட்டாலே எல்லா உயிரும் பொழைக்கும்"னு நீங்க முன்னாடி எழுதுன கட்டுரையும் எனக்கு ஒட்டல, மணலை ரிசார்ட்டுக்கு வித்துட்டு காட்டை மட்டும் வச்சிருந்தா இந்தப் பொட்டை எங்க போகும்?

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டுடுங்க. என் பேத்தி அந்தப் பெட்டியை வெட்டி ஸ்கூல் நோட்டுல ஒட்டிட்டா, நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா, பேப்பர்ல உடும்புன்னுதானே போட்டிருக்கு தாத்தாங்குறா.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர்